உரம் ஏற்றும் பழைய பிக்-அப்: சேஸி உள்ளுக்குள் இத்துப்போவது எப்படி?

உங்கள் பிக்-அப்பைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். டிரைவர் உட்காரும் கேபினுக்கும் சாமான் ஏற்றும் பின்தொட்டிக்கும் நடுவில் கோடு போல ஓர் இடைவெளி இருக்கும். மேலேயும் கீழேயும் அது ஒரே அளவாக இருக்கிறதா? மேலே நெருங்கி, கீழே அகன்றிருந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போன் போடுங்கள். அடியில் இருக்கும் சேஸி வளையத் தொடங்கியிருக்கலாம்.

காரில் உடலும் அடித்தளமும் பெரும்பாலும் ஒரே கூடு. பிக்-அப் அப்படியல்ல. ஹைலக்ஸ், டிரைட்டன், நவாரா, டி-மேக்ஸ், ரேஞ்சர் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நாம் பார்க்கும் எல்லா வண்டிகளுக்கும் அடியில் ஏணி மாதிரி ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. நீளவாக்கில் இரண்டு தண்டு, குறுக்கே சில படிகள். என்ஜின், கேபின், தொட்டி, பின்பக்க இலை ஸ்பிரிங் எல்லாமே அந்த ஏணியை நம்பித்தான் இருக்கின்றன. கதவு துருப்பிடித்தால் அசிங்கம், அவ்வளவுதான். ஏணி துருப்பிடித்தால் மேலே உட்கார்ந்திருப்பவர்களின் உயிர்.

உப்பு போடாத நாட்டில் உப்பு எங்கிருந்து வந்தது?

இந்தப் பிரச்சினை உலகச் செய்தியானது அமெரிக்காவில்தான். டொயோட்டா டகோமா பிக்-அப்பின் 1995 முதல் 2000 வரையிலான மாடல்களில் சேஸி ஓட்டை விழும் அளவுக்குத் துருப்பிடித்தது. 2008-இல் அந்த வண்டிகளுக்கு 15 ஆண்டு துரு உத்தரவாதம் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பிறகு வந்த மாடல்களிலும் புகார் எழ, 2016-இல் ஏறக்குறைய 15 லட்சம் வண்டிகள் தொடர்பாக 340 கோடி அமெரிக்க டாலர் வரை செலவாகக்கூடிய ஒரு சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. பிரிட்டனில் நிஸான் நவாராவின் டி40 ரகத்தில் சேஸி துருவேறி முறிந்த சம்பவங்கள் வெளியாகின. இவை அந்தந்த நாட்டில் விற்ற வண்டிகளுக்கான ஏற்பாடு. இங்கே உள்ள உங்கள் ஹைலக்ஸுக்கு அந்த உத்தரவாதம் எதுவும் பொருந்தாது.

அங்கே முக்கியக் காரணம் பனி. சாலையில் உறைந்த பனியைக் கரைக்க டன் கணக்கில் உப்பைக் கொட்டுவார்கள். நம்மிடம் பனியும் இல்லை, உப்பு போட்ட சாலையும் இல்லை. அதனால்தான் பலர், "அதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு எம்.ஓ.பி. மூட்டையைத் தெரியும். செந்நிறத்தில், கல் உப்பு மாதிரி இருக்கும் பொட்டாஷ் உரம். செம்பனை மண்ணிலிருந்து வேறெந்தச் சத்தையும்விட பொட்டாசியத்தைத்தான் அதிகம் இழுக்கிறது. அதனால் இந்த உரம் இல்லாமல் குலை தேறாது. அதன் வேதியியல் பெயர் பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்பு சோடியம் குளோரைடு. இரும்பை அரிப்பது இரண்டிலும் பொதுவாக இருக்கும் அந்தக் குளோரைடுதான். எம்.ஓ.பி.யின் எடையில் ஏறக்குறைய பாதி அதுவே. அதாவது 50 கிலோ மூட்டையில் 23 கிலோ போல. வெளிநாடுகளில் பனி கரைக்கவும் இதே பொட்டாசியம் குளோரைடைப் பயன்படுத்துவதுண்டு. அமெரிக்காக்காரன் சாலையில் கொட்டியதை நாம் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போகிறோம்.

மூட்டை கிழிகிறது. உரம் தொட்டியில் சிந்துகிறது. தொட்டியின் போல்ட் துளை, மூலை விளிம்பு வழியாக இறங்கிச் சேஸியின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 84 விழுக்காட்டைத் தாண்டினால் இந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். நம் ஊரில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதற்கும் மேலே போகிறது. மழையே வேண்டாம். மலேசியாவிலேயே மழை குறைந்த பகுதி ஜெலுபு என்று பள்ளியில் படித்திருப்போம். அங்கே நிறுத்திய வண்டியும் விடிவதற்குள் உப்புத் தண்ணீரில் நனைந்திருக்கும். லுக்குட், லிங்கி, போர்ட்டிக்சன் பக்கம் என்றால் கடல் காற்றின் உப்பு வேறு கூடுதல். அதன் மேல் செம்மண் சேறு அப்பிக்கொண்டால், ஈரத் துணி சுற்றி வைத்த மாதிரிதான்.

உள்ளே நடப்பது வெளியே தெரியாது

சேஸியின் தண்டு பல இடங்களில் நான்கு பக்கமும் மூடிய பெட்டிக் குழாய். வலுவுக்காக அப்படிச் செய்கிறார்கள். உள்ளே போகும் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். தோட்டத்து ரோட்டில் ஓடும் வண்டியில் அந்தத் துளைகள் சேற்றால் அடைபடும். பிறகு உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கும். வெளிப்புறம் பெயிண்ட் பளபளக்க, இரும்பு உள்ளிருந்து கரைந்துகொண்டிருக்கும். அந்தத் தகட்டின் தடிப்பு சுமாராக 3 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் போய்விட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதே வேளை சுமை குறைவதில்லை. பிக்-அப்பின் கொள்ளளவு பொதுவாக ஒரு டன். உர மூட்டைக் கணக்கில் 20. முற்றிய செம்பனைக் குலை என்றால் 40, 50. எத்தனை பேர் அந்த எண்ணிக்கையோடு நிறுத்துகிறார்கள்? மேட்டிலும் பள்ளத்திலும் அந்தச் சுமை குதிக்கும்போது அடி முழுக்க விழுவது பின் ஆக்ஸிலுக்கு மேல் சேஸி வளையும் இடத்திலும், இலை ஸ்பிரிங் மாட்டும் கொக்கியிலும்தான். துரு அதிகம் தங்குவதும் அங்கேதான்.

சுத்தியல் போதும்

என் மாமா பகாவ் பக்கம் சிறு காண்ட்ராக்டர். தோட்டத்தில் ஓடிய பழைய பிக்-அப் ஒன்றைப் பயன்படுத்திய வண்டி விற்கும் ஓரிடத்தில் வாங்கினார். அடிப்பாகம் புதுசு மாதிரி கறுப்பாகப் பளபளவென்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் மயங்கினார். ஆறு மாதம் கழித்து ஸ்பிரிங் புஷ் மாற்றப் பட்டறையில் தூக்கினார்கள். மெக்கானிக் சேஸியைச் சுத்தியலால் தட்ட, சுத்தியல் தலை உள்ளே போய்விட்டது. "அண்ணே, பெயிண்ட்தான் வண்டியைப் பிடிச்சு வெச்சிருக்கு" என்றார் அவர். அந்த ஆறு மாதமும் மாமா தினம் இரண்டு வேலையாட்களை அதில் கூட்டிப் போயிருந்தார்.

ஆக, பழைய வண்டியில் புத்தம் புதுக் கறுப்பு பெயிண்ட் ஓர் எச்சரிக்கை. துருவைச் சுரண்டாமல் மேலே தார் போன்ற பூச்சைப் பூசினால், ஈரம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டு இன்னும் வேகமாக அரிக்கும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். வண்டியைப் பட்டறை ரேம்பில் ஏற்றச் சொல்லுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் படுக்கவே கூடாது, அதுவும் இத்துப்போன சேஸியில் ஜாக் வைத்தால் அது உள்ளே குத்திக்கொண்டு போகும். சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று மணி போல ஒலிக்கும். இத்த இரும்பு 'டொப்' என்று அடங்கிப்போகும். அப்படிக் கேட்ட இடத்தில் ஸ்குரூடிரைவரை அழுத்திக் குத்திப் பாருங்கள். மேலே காவி நிறத் தூள் மட்டும் வந்தால் சுரண்டிப் பூச்சு அடிக்கலாம். அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உரிந்தால் தகடு மெலிந்துவிட்டது. முனை உள்ளே இறங்கினால் வண்டி அன்றோடு ஓடக்கூடாது. ஸ்பேர் டயர் தொங்கும் குறுக்குச் சட்டத்தையும், பின்பக்கம் போகும் பிரேக் குழாயையும் விட்டுவிடாதீர்கள். சேஸி உடைவதற்கு முன்னாலேயே பிரேக் குழாய் அரித்து பிரேக் போவதுண்டு.

"ஒரு தகடு வெச்சு வெல்டிங் அடிச்சுக்கலாமே?"

மாமாவும் இதைத்தான் கேட்டார். ஓட்டையின் மேல் தகடு வைத்து ஒட்டுவது மலிவு, ஆனால் தகட்டைப் பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் நல்ல இரும்பு வேண்டும். மெலிந்த தகட்டில் வெல்டிங் சூடு பட்டால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே அடுத்த விரிசல் விழும். அரித்த பகுதியை நல்ல இரும்பு வரும் வரை வெட்டி எடுத்து, அதே தடிப்பில் புதுப் பகுதி சேர்ப்பதே முறையான வேலை. அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். சேஸி நம்பர் பொறித்த இடத்துக்கு அருகில் என்றால் ஜே.பி.ஜே.யிடம் கேட்காமல் கைவைக்க வேண்டாம். நம்பர் அழிந்தாலோ படிக்க முடியாமல் போனாலோ பெயர் மாற்றத்தின்போது பெரிய தலைவலி. மாமா கடைசியில் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டார். நஷ்டம்தான்.

யார் சோதிக்க வேண்டும்?

உங்கள் கிராண்டை எடுத்துப் பாருங்கள். வணிகச் சரக்கு வாகனம் என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கட்டாயச் சோதனை உண்டு. தனியார் வாகனமாகப் பதிவாகியிருந்தால் அப்படி வழக்கமான சோதனை கிடையாது. பெயர் மாற்றும்போது செய்யும் பி5 சோதனையில்தான் யாராவது அடியில் பார்ப்பார்கள். 2024 ஆகஸ்ட் 31 வரை இந்த வேலை புஸ்பாகோம் ஒன்றிடம் மட்டுமே இருந்தது, இப்போது மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஒரே முதலாளியிடம் 15 ஆண்டு இருக்கும் தனியார் பிக்-அப்பை அந்த 15 ஆண்டில் வெளியார் யாருமே தட்டிப் பார்க்காமல் போகலாம். சாலைக்கே வராமல் தோட்டத்துக்குள் மட்டும் சுற்றும் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நீங்கள் வண்டியின் சொந்தக்காரர் இல்லை, அதில் ஏறி வேலைக்குப் போகிறவர் என்றால்? 1994-ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதைச் சரிசெய்யாமல் விட்டால், அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையை அது தொழிலாளிக்குத் தருகிறது. முதலில் மண்டோரிடமோ ஆபிஸிலோ சொல்லுங்கள், ஓட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். கேட்கவில்லை என்றால் ஜே.கே.கே.பி.யிடம் புகார் செய்யலாம். உரிமை தாளில் இருப்பதும், பெர்மிட் முதலாளி கையில் இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளி அதை வாய் திறந்து கேட்பதும் ஒன்றல்ல. அதனால் அவர் பக்கத்தில் உட்காரும் நீங்களும் சேர்ந்து சொல்வது நல்லது.

சேஸி இன்னும் நன்றாக இருக்கிறது என்றால், அதைக் காப்பாற்றச் செலவு அதிகமில்லை. உரம் இறக்கிய அன்றே கழுவுங்கள், மறுநாள் வேண்டாம். தொட்டியை மட்டுமல்ல, அடியில் அடைபட்ட துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, சேஸி குழாய்க்குள் ரப்பர் ஹோஸை நுழைத்து, வெளியே வரும் தண்ணீர் தெளியும் வரை விடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, குழாய்க்குள் அடிக்கும் மெழுகுப் பூச்சு ஸ்பிரேயை ஆண்டுக்கு ஒரு முறை அடிக்கலாம். பழைய என்ஜின் ஆயிலைப் பூசும் வழக்கம் இருக்கிறது. அது ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், மழையில் கழுவிக் கால்வாய்க்கும் போகும். கழுவிய வண்டியைச் சற்றே சரிவான இடத்தில், மூக்கு மேட்டைப் பார்த்தபடி நிறுத்தி வையுங்கள். உள்ளே தங்கிய தண்ணீர் பின்பக்கத் துளை வழியாகத் தானாக வடிந்துவிடும்.