பிடுங்குவதற்கு இலவசம், காப்பதற்குக் கட்டணம்: திருச்சியில் பல் மருத்துவம் யாருக்கு?

திருச்சி தில்லைநகரின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர் பல் மருத்துவமனைப் பலகை எதையும் காணாமல் வெகுதொலைவு செல்ல இயலாது. காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்றாலும் அத்தகைய பலகைகள் கண்ணில் படுகின்றன. எனவே மருத்துவர் இல்லை என்பது இந்நகரின் குறையன்று. விடியுமுன் தெருக்கூட்ட வரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரும், கொள்ளிடக் கரை வயல்களில் கூலிக்கு இறங்கும் பெண்ணும் அக்கதவுகளுக்குள் எந்நிலையில் நுழைகிறார்கள் என்பதே கேள்வி. பெரும்பாலும் வலி தாங்க முடியாத நாளில்தான் நுழைகிறார்கள். அப்போதும் அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதை எடுத்துவிடுங்கள்."

பல் ஒரே நாளில் கெடுவதில்லை. மேற்பூச்சில் தொடங்கும் சொத்தை வலியே இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே இறங்குகிறது. அந்நிலையில் கண்டால் அடைத்துவிடலாம், செலவும் குறைவு. நரம்பை எட்டிய பிறகே வலி வருகிறது. அதன்பின் பல்லைக் காப்பாற்ற வேர் சிகிச்சையும், சிகிச்சை செய்த பல் உடையாதிருக்க அதன்மேல் ஓர் உறையும் தேவை. தனியார் மருத்துவமனைகளில் இவ்விரண்டும் சேர்ந்தால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடுகிறது. குறைத்து மதிப்பிட்டு ஆறாயிரம் என்றே கொள்வோம். 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அதாவது ஒரு கடைவாய்ப்பல்லின் விலை 18 நாள் உழைப்பு. அந்த 18 நாளும் வீட்டில் அடுப்பெரியக் கூடாது.

அரசு மருத்துவமனைக்குச் செல்லலாமே என்பது உடனே எழும் பதில். திருச்சியில் புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்ரீரங்கத்திலும் ஓர் அரசு மருத்துவமனை உண்டு. இங்கே தனிப்பட்ட மருத்துவமனைகளைக் குறைகூறுவதைவிட, பொது மருத்துவத்தில் பல் நடத்தப்படும் முறையையே பார்க்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு ஒரு மரப்பூசியும் ஓர் இடுக்கியும் சில நிமிடங்களும் போதும். வேர் சிகிச்சைக்குப் பலமுறை வரவேண்டும், எக்ஸ்ரே வேண்டும், தேய்ந்தால் எறிய வேண்டிய நுண்ணிய கருவிகள் வேண்டும், ஒரு நோயாளிக்கே முக்கால் மணி நேரம் ஆகலாம். உறை செய்யப் பல் ஆய்வுக்கூடம் வேண்டும். வெளியே ஐம்பது பேர் வரிசையில் நிற்க, உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு மருத்துவரும் மட்டுமே இருந்தால் எது நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கை இடுக்கியைத்தான் தேடும்.

காப்பீடும் இங்கே கைகொடுப்பதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை காப்புறுதி தருகிறது. இதய அறுவை சிகிச்சைக்கு அது பெரும் துணை, அதில் மறுப்பில்லை. ஆனால் அத்திட்டத்தின் அடிப்படை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் பெரிய சிகிச்சை. சொத்தைப் பல்லுக்காக எவரும் படுக்கையில் சேர்வதில்லை. எனவே விபத்தில் தாடை உடைந்தால் வழியுண்டு; ஆண்டுதோறும் ஒவ்வொரு பல்லாக இழப்பவருக்கு வழியில்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கமான விதியும் இதுவே.

ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பல் சிகிச்சைக்கு இடமுண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோர் அதில் வருவர், தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்த வேண்டும். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு இதுவே மிக நெருக்கமான கதவு. ஆனால் ஊதியத்தில் பிடித்த தொகை தம் கணக்கில் சேரவில்லை, அட்டையே கைக்கு வரவில்லை என்ற புகார்கள் தமிழகமெங்கும் ஒப்பந்தப் பணியாளர் போராட்டங்களில் திரும்பத் திரும்ப எழுகின்றன. பணி நிரந்தரம் கேட்கும் போராட்டத்தில் பல்லும் அடக்கம் என்பதை நாம் போதிய அளவு சொல்லவில்லை.

உடலிலிருந்து பல்லைத் தனியே பிரித்து வைப்பது இந்தியாவுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. 1948இல் பிரிட்டன் தேசிய மருத்துவ சேவையைத் தொடங்கியபோது பல் சிகிச்சையும் இலவசமாகவே இருந்தது. மூன்றே ஆண்டுகளில் செலவைக் குறைக்க அரசு முதலில் கைவைத்தது பல்செட்டிலும் மூக்குக் கண்ணாடியிலும்தான். அதை எதிர்த்து, அச்சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் 1951இல் பதவி விலகினார்.

நம் நாட்டில் இப்பிரிவினைக்குமேல் இன்னொன்றும் படிந்திருக்கிறது. பல் மருத்துவம் எச்சிலைத் தொடும் மருத்துவம். தீண்டாமையின் அன்றாட விதிகள் பலவும் வாயையும் எச்சிலையும் சுற்றியே அமைந்தவை. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை அதற்கு அருகிலுள்ள சான்று. அண்ணல் அம்பேத்கர் தம் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில் 1929ஆம் ஆண்டுக் கத்தியவார் நிகழ்வொன்றைப் பதிவு செய்கிறார். பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்த தலித் ஆசிரியரின் மனைவியைப் பார்க்க வந்த மருத்துவர் சேரிக்குள் நுழைய மறுத்தார். வெப்பமானியையும் ஓர் இசுலாமியர் கை வழியாகவே கொடுத்து வாங்கினார். அப்பெண் இறந்துபோனார். இன்று தில்லைநகரில் எவரும் அப்படிச் செய்வதில்லை. விலைப்பட்டியலுக்குச் சாதி தெரியாது. ஆனால் குடியிருப்பு எங்கே, மருத்துவமனை எங்கே, யாருக்கு எந்த வேலை என்பவை சாதியால் வகுக்கப்பட்டிருக்கும்போது, விலைப்பட்டியல் ஒன்றே போதுமான காவலாளியாகிவிடுகிறது.

வேலை என்றதும் புகையிலையைப் பேசியாக வேண்டும். மலக்குழி அருகிலும் குப்பைக் கிடங்கிலும் நாற்றத்தைத் தாங்குவதற்காகவே வாயில் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பணியாளர் பலர். தமிழ்நாட்டில் 2013 முதல் குட்காவுக்குத் தடை விதிக்கப்பட்டு வந்தாலும் பொட்டலங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும் வெண்திட்டும் ஆறாத புண்ணும் வாய்ப்புற்றின் முன்னறிவிப்பாகலாம்; அவற்றை முதலில் காணக்கூடியவர் பல் மருத்துவர். அந்தப் பரிசோதனைக்கு ஒரு விளக்கும் ஒரு சிறு கண்ணாடியும் போதும். அதுவும் கிடைக்காதவர், விழுங்க முடியாத நிலையில் புற்றுநோய்ப் பிரிவுக்கு வருகிறார். அப்போதுதான் அவரது காப்பீட்டு அட்டை உயிர்பெறுகிறது. கிருமியிலிருந்து காக்கக் கையுறையும் முகக்கவசமும் தருவதாகச் சொல்லும் நிர்வாகம், ஆண்டுக்கொருமுறை வாயைத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்வதைக் கடமையாக எண்ணுவதில்லை.

கட்டணம் உயர்வதற்கு மருத்துவரின் பேராசையே காரணம் என்பது எளிய விளக்கம். அது முழு உண்மையன்று. பல் மருத்துவக் கல்வியின் பெரும்பகுதி தனியார் கல்லூரிகளில் இருக்கிறது. ஆண்டுக்கு இலட்சக்கணக்கில் கட்டிப் படித்தவர், கடன் வாங்கி நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் வாங்கி, வாடகை கொடுத்து அமர்கிறார். அடைக்கும் பொருள்களும் கருவிகளும் கணிசமாக இறக்குமதியாகின்றன. அரசுப் பணியிடங்களோ மிகச் சில. இதனால் ஒருபுறம் நோயாளியின்றிக் காத்திருக்கும் இளம் பல் மருத்துவர், மறுபுறம் மருத்துவரின்றி வலியோடு காத்திருக்கும் கூலித் தொழிலாளி. இவ்விருவரையும் சந்திக்க வைக்கும் வேலை அரசுடையது. சந்தை அதைச் செய்யாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் கூறிவிட முடியாது. 1953இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியும், அண்ணாமலை பல்கலைக்கழகத்திலிருந்து அரசிடம் வந்த சிதம்பரம் கல்லூரியுமே நெடுநாள் நம்மிடம் இருந்தன. 2023இல் புதுக்கோட்டையில் 50 இடங்களுடன் மூன்றாவது வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும், பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காடும், அதனுள் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் இங்கே பொருந்துவதால், எச்சிலைத் தொடும் கை யாருடையது என்பதும் மெல்ல மாறும். ஆனால் திருச்சி நோயாளிக்குப் புதுக்கோட்டை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டுமே. வேர் சிகிச்சைக்கு மூன்று முறை செல்ல வேண்டுமெனில் பேருந்துக் கட்டணத்தோடு மூன்று நாள் கூலியும் போகும்.

மலிவான வழிகள் இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஃபுளூரைடு பற்பசையையும், சில்வர் டயமின் ஃபுளூரைடு என்னும் திரவத்தையும் சேர்த்தது. இத்திரவத்தைச் சொத்தையில் தடவினால் போதும், சிதைவு பெரும்பாலும் நின்றுவிடும். துளையிட வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அங்கன்வாடியிலேயே செய்யலாம். ஒரு குறை உண்டு: தடவிய இடம் கறுத்துவிடும். ஏழைக் குழந்தைக்குக் கறுத்த பல், பணக்காரக் குழந்தைக்கு வெள்ளை அடைப்பு என்று ஆகிவிடாதபடி, அதைக் கடைவாய்ப்பற்களுக்கு முதன்மையாகப் பயன்படுத்தி, முன்பற்களுக்கு வெண்ணிற அடைப்பையும் இலவசமாகத் தர வேண்டும். கேரளத்தில் 'மந்தஹாசம்' திட்டம் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்கு இலவசப் பல்செட் வழங்குகிறது. பிரேசில் 2004 முதல் பொதுச் சுகாதாரக் கட்டமைப்புக்குள்ளேயே பல் மருத்துவக் குழுக்களை விரிவாக்கியது.

தமிழ்நாட்டில் இதற்குத் தனி நிதிவழியும் உண்டு. 2024இல் நிறைவேறிய பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம், மக்கள்தொகைக்கேற்ப ஒதுக்கும் நிதியை அம்மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. ஒரு நடமாடும் பல் மருத்துவ ஊர்தி, அதில் இரண்டு மருத்துவர்கள், வேர் சிகிச்சைக் கருவிகள், உறை செய்ய ஓர் ஆய்வுக்கூட ஒப்பந்தம்: திருச்சி மாநகராட்சியின் 65 வார்டுகளிலும் தூய்மைப் பணியாளர் கையெழுத்திடும் இடங்களுக்கு, பணி முடியும் நேரத்தில், அது சுழற்சி முறையில் வரலாம். அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய கருத்துக் கேட்பில் வைக்க வேண்டிய கோரிக்கை இது. காப்பீட்டுத் திட்டத்தின் சிகிச்சைப் பட்டியலில் வேர் சிகிச்சையையும் உறையையும் புறநோயாளி சிகிச்சையாகவே சேர்ப்பது அதன் இரண்டாம் வரி.