திரள்முகில் இடிமுகிலாதல்

சித்திரைத் திங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டார் பலகாலுங் காணும் காட்சியொன்றுண்டு. முற்பகலிற் பஞ்சுப்பொதி போன்ற வெண்முகில்கள் எழும். அவற்றுட் பல கலைந்தொழியும். ஒன்றிரண்டே கறுத்துப் பெருத்து, இடியும் மழையுமாய் முடியும். ஒரே வானத்திற் பிறந்தவற்றுள் ஒன்று வளரவும் மற்றொன்று மாயவுங் காரணம் யாது? இதனை விளக்க அறிஞர் அமைத்த மாதிரியுருவை ஈண்டு நோக்குவாம்.

புத்தாண்டையொட்டிய நாள்களில் ஞாயிறு நமக்கு நேர் உச்சியில் நிற்கின்றது. காய்ந்த நிலம் வளியைச் சூடாக்க, அது இலேசாகி மேலெழும். கடற்காற்று ஈரத்தை ஊட்டும். எழும் வளி கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சதம் குளிரும். நீராவி துளிகளாய் ஒடுங்குங்கால், கிராமொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி மறைவெப்பம் வெளிப்படுதலின் அக்குளிர்வு குறைகின்றது. சூழ்ந்த வளியினுஞ் சூடாயிருக்கும்வரை முகில் வளரும். அயலிலுள்ள உலர்வளி உட்புகுந்து கலப்பின், துளிகள் ஆவியாகி முகில் கலையும். சிறுமுகில்கள் பல இவ்வாறே மாய்கின்றன.

வளர்ந்த முகிலின் கதை வேறு. அமெரிக்காவில், 1946இல் புளோரிடாவிலும் 1947இல் ஒகாயோவிலும், ஹொறேஸ் பயேர்ஸ் தலைமையில் நடந்த ஆய்வில் விமானங்கள் இடிமுகில்களை ஊடறுத்துப் பறந்தன. அதன் பயனாகப் பயேர்சும் றொஸ்கோ பிறகாமும் இடிமுகிலின் வாழ்வை மூன்று பருவங்களாக வகுத்தனர். வளர்பருவத்தில் மேலெழுகாற்றே மேம்பட்டிருக்கும். முதிர்பருவத்தில், விழும் மழை வளியையும் உடனிழுத்து வர, ஏறுகாற்றும் இறங்குகாற்றும் அருகருகே நிகழும். ஏறத்தாழ 5 கிலோமீற்றருக்கு மேலுள்ள உறைகுளிரிற் பனிப்பளிங்குகளும் பனியுருண்டைகளும் மோதி மின்னேற்றம் பிரிய, மின்னல் மிகும். தேய்பருவத்தில், நிலத்திற் பரவிய குளிர்காற்று முகிலுக்கு ஊட்டமளித்த வெவ்வளியைத் தடுத்துவிடும். தான் பெய்த மழையே தனக்கு முடிவாகின்றது. இவையனைத்தும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துள் நிகழ்ந்துவிடும்.

இன்று கணினிகள் வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, இவ்விதிகளைச் சமன்பாடுகளாக்கிக் கணிக்கின்றன. எனினும் கட்டத்தினுஞ் சிறிய முகில் அக்கணக்கில் நேரே தோன்றாது. தொடக்க ஈரப்பதனிற் சிறு பிழையும் முடிவை மாற்றும். ஆதலின், இடிமழை நேரலாம் எனக் கூறல் எளிது. சுன்னாகத்திலா சாவகச்சேரியிலா எனக் கூறல் அரிது.

ஆயினும் நமக்கு இதனாற் பெரும்பயன் உண்டு. மழைக்கு முன் புழுதி கிளப்பித் திடீரென வீசும் தண்காற்று, முகில் முதிர்ந்தமைக்கு அடையாளம். அவ்வேளை மைதானத்தில் நிற்றலும் தனிப்பனையடியில் ஒதுங்கலும் உயிருக்குக் கேடாம். மின்னலுக்கும் இடிக்குமிடையே 3 செக்கன் கழியின் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவினது. 30 செக்கனிற் குறையின் கட்டடத்துட் புகுதல் வேண்டும். இறுதி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்தபின்னரே வெளிவரல் தகும். வெயிலுக்கு இதமாய் வரும் அத்தண்காற்றை மகிழ்ந்தேற்கும் மாணவர், அதன் பொருளையும் உணர்ந்திருத்தல் நன்று.