மண்ணைச் சுடாமல் படிக்க

விருத்தாசலத்து டீக்கடை பெஞ்சில் இளைஞர்களோடு பேச்சு வளர்ந்தால் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. செராமிக் டிப்ளமோ முடித்தவர்கள் கேட்கிறார்கள், கொளஞ்சியப்பர் கல்லூரியில் பட்டம் வாங்கியவர்கள் கேட்கிறார்கள், சென்னை வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களும் கேட்கிறார்கள். "பெர்மாகல்ச்சர் பண்ணையில மூணு மாசம் தங்கி இன்டர்ன்ஷிப் பண்ணா என்ன சார் கிடைக்கும்? நம்ம முந்திரிக் காட்டுக்கு அது உதவுமா?"

உதவும், தம்பி. ஆனால் எந்தப் பண்ணை, எந்த மாதம் என்பதைப் பொறுத்துத்தான் உதவும். நிதானமாகச் சொல்கிறேன். இது ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை, இரண்டாகவே சொல்லிவிடுங்கள்.

முதலில் பெர்மாகல்ச்சர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மோலிசன் என்ற ஆசிரியரும் டேவிட் ஹோம்கிரென் என்ற அவருடைய மாணவரும் சேர்ந்து உருவாக்கிய சிந்தனை அது. 1978-ல் புத்தகமாக வந்தது. காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை, இருந்தும் அது காய்த்துக்கொண்டே இருக்கிறது. அந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பண்ணையை அமைப்பது எப்படி என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. மரம், பயிர், மாடு, கோழி, வீடு, சமையலறைக் கழிவுநீர் என ஒவ்வொன்றையும் இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்குத் தீனியாகும்படி திட்டமிடுகிறார்கள். 1980-களிலேயே மோலிசன் இந்தியாவுக்கு வந்து வகுப்பெடுத்திருக்கிறார். தெலங்கானாவில் நர்சன்னா கொப்புலாவின் 'அரண்யா' அமைப்பு அந்த வழியில் வளர்ந்ததுதான். உலக பெர்மாகல்ச்சர் மாநாடு 2017-ல் ஹைதராபாத்தில் நடந்தது.

இதைக் கேட்டதும், "வரப்பு, ஏரி, ஆட்டுக்கிடை எல்லாம் நம்மிடம் இருந்ததுதானே, இதில் புதிதாக என்ன?" என்பார் ஒரு பெரியவர். இருந்தது உண்மைதான். ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை முந்திரி ஒன்றையே நட்டு வளர்த்ததும் நாம்தானே? 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஒரே பயிரை நம்பியிருந்த குடும்பத்துக்கு அடுத்த வருமானத்துக்கு வழியில்லை. புதுக் கன்று நட்டுக் காய்ப்புக்கு வரச் சில வருடம் பிடிக்கும். இடையில் துவரை, அகத்தி, சீத்தா, ஓரத்தில் காற்றுத் தடுப்பு மரங்கள், நான்கு ஆடுகள் என்று இருந்திருந்தால் புயல் நின்றிருக்காது, ஆனால் அடுப்பு எரிந்திருக்கும். அந்த ஏற்பாட்டைத் திட்டமாக வரைந்து பழகுவதைத்தான் இந்தப் படிப்பு சொல்லிக்கொடுக்கிறது.

படிப்பில் இரண்டு வகை உண்டு. உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டமாக நடக்கும் 72 மணி நேர வடிவமைப்புப் படிப்பு ஒன்று. அதில் காகிதத்தில் நிலத்தை வரையக் கற்றுக்கொள்ளலாம். மற்றொன்று பண்ணையிலேயே தங்கி வேலை செய்யும் இன்டர்ன்ஷிப். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், நான் தங்குவதைத்தான் சொல்வேன்.

எங்கே தங்குவது என்பதில்தான் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. நம் ஊருக்குக் கிழக்கே, நெய்வேலிப் பக்கம், பூமிக்கு அடியில் கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட படிவம் கிடக்கிறது. அதற்கு அடியில்தான் பழுப்பு நிலக்கரி. அதை வெட்டும் சுரங்கத்தை ஒட்டிக் கிடைத்த வெள்ளைக் களிமண்ணை நம்பித்தான் இங்கே பீங்கான் தொழில் வேர்விட்டது. முந்திரி நிற்கும் செம்மண்ணும் அந்தப் படிவத்தின் மேல்தான். அதே படிவம் வடக்கே போய்ப் புதுச்சேரியைத் தாண்டித் திருவக்கரைக் கல்மரங்கள் வரை நீள்கிறது. அந்தச் செம்மண் மேட்டில்தான் ஆரோவில் இருக்கிறது.

1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு ஏறக்குறைய மொட்டைப் பொட்டல். மழை விழுந்தால் செம்மண் கரைந்து ஓடைகளில் இறங்கிக் கடலுக்குப் போய்விடும். வந்தவர்கள் முதலில் மண்வெட்டி எடுத்து வரப்புக் கட்டினார்கள், பிறகுதான் மரம் நட்டார்கள். 2003-ல் அவிராம், யோரித் ரோசின் தம்பதி அங்கே 70 ஏக்கரில் சாதனா ஃபாரஸ்ட் என்ற காட்டு மீட்பு வேலையைத் தொடங்கினார்கள். வறண்ட நிலத்தில் தண்ணீரைத் தேக்குவதும், நம் கரையோரத்துக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டைத் திரும்பக் கொண்டுவருவதும் நோக்கம். பல நாட்டிலிருந்தும் வந்த தன்னார்வலர்கள் தங்கி, மண்ணை வெட்டி, குடிசையில் படுத்து, உலர் கழிப்பறையைப் பயன்படுத்தி அந்த வேலையைச் செய்தார்கள். குடகு மலையிலோ இமயமலை அடிவாரத்திலோ போய்க் கற்றுக்கொண்டால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அந்த மண் வேறு, மழை வேறு. ஊருக்கு வந்தபின் பாதிப் பாடம் பயன்படாது.

இனி, ஆரோவில் போன்ற செம்மண் பண்ணையில் கையால் என்ன படிப்பீர்கள் என்று சொல்கிறேன்.

முதல் பாடம் மண். கண்ணாடி பாட்டில் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கித் தரையில் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் கீழே இறங்கிவிடும். சில மணி நேரத்தில் வண்டல் அதன் மேல் படியும். களிமண்ணோ ஒரு நாளுக்கு மேலும் தண்ணீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். பாட்டில் ஓரத்தில் ஸ்கேலை வைத்து மூன்று அடுக்கையும் அளந்தால் உங்கள் மண்ணின் ஜாதகம் கையில். செராமிக் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளாஸ்டர் அச்சில் ஸ்லிப் என்கிற களிமண் குழம்பை ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்ச, நுண்ணிய களிமண் துகள் சுவரில் ஏடாகப் படிகிறதல்லவா? மூடாக்கு இல்லாத செம்மண்ணில் மழை விழும்போதும் அதுதான் நடக்கிறது. துளி மோதி மண்கட்டி உடைகிறது, நுண்துகள் துவாரங்களை அடைக்கிறது, மேலே ஏடு கட்டுகிறது. அடுத்து விழும் மழை உள்ளே இறங்க வழியில்லாமல் ஓடிவிடுகிறது. நான்கு விரல் கனத்துக்கு முந்திரிச் சருகைப் பரப்பினால் துளியின் வேகம் சருகிலேயே அடங்கிவிடும். தோட்டத்தைச் சுத்தமாகக் கூட்டிச் சருகை எரிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை விட வேண்டியதன் காரணம் இதுதான். பொறுக்குவதற்கு வசதியாகக் கூட்டுகிறோம் என்பது எனக்கும் தெரியும். கொட்டை விழும் காலத்தில் மட்டும் மரத்தடியில் ஒதுக்கிவைத்து, பிறகு திரும்பப் பரப்பிவிடலாம், எரிக்கத் தேவையில்லை.

இரண்டாவது பாடம் தண்ணீர். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழுவது ஏறத்தாழ 40,000 லிட்டர். ஐப்பசியில் ஓர் இரவு ஐந்து சென்டிமீட்டர் கொட்டினால் இரண்டு லட்சம் லிட்டர். அதை நிறுத்தச் சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் வரப்பு போட வேண்டும், மேல்பக்கம் வாய்க்கால் போல வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் அணைத்து. சமமட்டம் பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. இரண்டு கொம்புகளை 'ஏ' எழுத்து வடிவில் கட்டி, குறுக்கே ஒரு கழி வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்க விடுங்கள். இரண்டு காலும் நிற்கும் இடத்தில் முளையடித்து, கயிறு குறுக்குக்கழியைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு குறி. கயிறு அந்த நடுக்குறியில் நிற்கும் இடமெல்லாம் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே காலைக் காலாக நகர்த்தி முளையடித்துக்கொண்டு போனால், நிலத்தின் வளைவு தரையில் கோடாக எழுந்து வரும். பார்வைக்குச் சமதளமாகத் தெரிந்த கொல்லை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். கொத்தனாரிடம் டியூப் லெவல் இருந்தால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

மூன்று மாதம் என்று கேட்டீர்களே, அதற்கு நான் சொல்லும் பதில் இங்கேதான் வருகிறது. நம் மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. மாசியில் போய் வைகாசியில் திரும்பினால் வெயிலில் தண்ணீர் ஊற்றத்தான் கற்றுக்கொள்வீர்கள். ஆவணியில் போய்ச் சேருங்கள். காய்ந்த மண்ணில் வரப்புப் போடுங்கள். ஐப்பசியில் முதல் பெருமழைக்குக் குடையோடு வெளியே போய், நீங்கள் போட்ட வரப்பு எங்கே உடைகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த மடைக்கு வழிகிறது என்று நின்று பாருங்கள். உடைந்ததைக் கார்த்திகையில் திருத்துங்கள். ஐந்து மாதம் கழித்துத் தையில் ஊர் திரும்பினால் பங்குனி, சித்திரை முந்திரி அறுவடைக்கு வீட்டில் இருக்கலாம். ஒரு மழைக்காலத்தை முழுதாகப் பார்க்காத பயிற்சியை நான் பயிற்சியாகவே எண்ணுவதில்லை.

உரக்குழி வேலையும் உண்டு. முந்திரிச் சருகு சுலபத்தில் மக்காது. அதோடு சாணமும் கிளைரிசிடியா, அகத்தி போன்ற பச்சைத் தழையும் அடுக்கடுக்காகப் போட்டு நனைத்தால் சில நாளில் குவியல் சூடேறும். உள்ளே இரும்புக் கம்பியைச் செருகி வைத்து உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். கை பொறுக்காத சூடு என்றால் 55, 60 டிகிரி எட்டிவிட்டது, களை விதை செத்துவிடும். சூடு ஏறவில்லை என்றால் ஈரமோ பச்சையோ குறைவு. சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு சீக்கிரம் பிடிபடும்.

நம் ஊர்த் தொழிலே நேராகப் போய்ப் பண்ணையில் சேரும் இடம் ஒன்று உண்டு: பானைப் பாசனம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி போட்டு, சுற்றிலும் கன்று நடுவது. பானைச் சுவர் வழியே நீர் கசியும். மண் காய்ந்திருந்தால் அதிகம் இழுக்கும், ஈரமாக இருந்தால் கசிவு தானாகக் குறையும். சீனாவில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதிவைத்த முறை இது. 1,200 டிகிரிக்கு மேல் சுட்டு மெருகிட்ட பீங்கான் ஜாடி இதற்கு உதவாது, அதன் சுவர் இறுகிப்போயிருக்கும். 800, 900 டிகிரியில் சுட்ட சாதாரண மண்பானைதான் கசியும். எவ்வளவு மணல் கலந்தால், எந்தச் சூட்டில் நிறுத்தினால் ஒரு நாளைக்கு எவ்வளவு கசியும் என்று கணக்குப் போடச் செராமிக் படித்தவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? பண்ணைக்குப் போகும்போது கற்றுக்கொள்ள மட்டும் போகாமல், இந்த அறிவையும் கொண்டுபோங்கள்.

பண்ணையின் உலர் கழிப்பறை பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். முசிறியில் சுப்புராமனும் அவருடைய 'ஸ்கோப்' அமைப்பும் மலமும் சிறுநீரும் தனித்தனியாகப் பிரியும் கழிப்பறைகளைக் கட்டி, மக்கள் அவற்றைப் பயன்படுத்தவும் வைத்தார்கள். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பயன்படுத்தியதும் சாம்பல் தூவி மூடினால் நாற்றம் இல்லை; மக்கியபின் உரம். பத்துப் பங்கு தண்ணீரில் கலந்த சிறுநீர் பயிருக்குத் தழைச்சத்து. சில வாரம் இப்படி வாழ்ந்து பார்த்தவருக்கு, ஒருமுறை ஃப்ளஷ் செய்வதற்கு எத்தனை லிட்டர் குடிநீர் போகிறது என்பது உறைக்கும்.

இயற்கை வேளாண்மைக்கு வழிகாட்டிய நம்மாழ்வாரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. பக்கத்து அண்ணாமலை நகரில் வேளாண்மை படித்தவர். 1960-களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. விலை கொடுத்து வாங்கும் உரத்தையும் விதையையும் வைத்துச் செய்யும் ஆராய்ச்சி மானாவாரி உழவனுக்கு உதவாது என்று கண்டு வெளியேறினார். கடைசியில் கரூர் மாவட்டம் கடவூர் அருகே சுருமான்பட்டியில் கல்லும் கரடுமான நிலத்தை எடுத்து வானகத்தை உருவாக்கினார். 2013-ல் மறைந்தபின் அவரை அங்கேயே விதைத்தார்கள். வானகத்தில் பயிற்சி தமிழில் நடக்கிறது. ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆறுதல்.

போகும் முன் பண்ணைக்காரரிடம் சிலவற்றை வாய்விட்டுக் கேளுங்கள். தங்க, சாப்பிடக் கட்டணம் உண்டா? ஒரு நாளில் எத்தனை மணி நேர வேலை, எத்தனை மணி நேரப் பாடம்? பண்ணை எதை விற்றுப் பிழைக்கிறது, விளைச்சலையா, பயிற்சிக் கட்டணத்தையா? முன்பு கூலி வாங்கிக்கொண்டு ஓர் அம்மா செய்த களையெடுப்பை இப்போது நீங்கள் இலவசமாகச் செய்கிறீர்கள் என்றால், அந்த அம்மாவின் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று பொருள். அப்படிப்பட்ட இடத்துக்குப் போகாதீர்கள். கூலிக்கு வருபவர்கள் இருக்கும் பண்ணையில் அவர்களோடு நின்று வேலை செய்யுங்கள். எந்தக் களை எதற்கு மருந்து, எந்தத் தழையை ஆடு தொடாது, மேகம் எந்தத் திசையில் கறுத்தால் மழை வரும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஐந்து மாதம் சம்பளம் இல்லாமல் இருக்க எல்லா வீட்டிலும் முடியாது. அதற்காகக் கைவிட வேண்டாம். நம் ஊரிலேயே மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வி.ஆர்.ஐ. என்று பெயர் வைத்த கடலை ரகங்களும் முந்திரி ரகங்களும் அங்கிருந்து வந்தவை. வேளாண் அறிவியல் நிலையமும் இங்கேயே. அவர்கள் உரம், பூச்சிமருந்து பற்றியும் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மண் பரிசோதனைக்கும் இளம் முந்திரிக்கு இடையே போட வேண்டிய ஊடுபயிருக்கும் அங்கே போகலாம்.

ஆடி மழை தலைகாட்டியதும் வீட்டுக் கொல்லையில் பத்து சென்ட் மட்டும் எடுத்துப் பலதானியம் விதையுங்கள். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலா விதை, பசுந்தாள் என ஐந்து வகையிலும் நான்கு நான்காக இருபது விதை. கம்பு, சோளம், உளுந்து, தட்டைப்பயறு, எள், ஆமணக்கு, கொத்தமல்லி, கடுகு, சணப்பு, தக்கைப்பூண்டு என்று கையில் கிடைத்ததைக் கலந்து வீசலாம். பூக்கும் தருணத்தில், ஐம்பது நாள் வாக்கில், மடக்கி உழுதுவிடுங்கள். விதைக்கும் முன் ஒரு பாட்டில் மண், உழுது மக்கியபின் அதே இடத்தில் ஒரு பாட்டில் மண். மணல், வண்டல், களி அளவு மாறியிருக்காது. ஆனால் மேலே மிதக்கும் கறுத்த மக்கு எவ்வளவு கூடியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். ஆவணியில் பண்ணைக்குக் கிளம்புகிறவர், உழுகிற வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு முதல் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போகட்டும்.