அபாயகரப் பொருள் விபத்து மீட்பாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி

அபாயகரப் பொருள் விபத்து மீட்பாளர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி என்பது, நச்சு வாயு, எரிவாயு, அமிலம், வெடிமருந்து போன்றவை கசியும்போதோ தீப்பற்றும்போதோ அவ்விடத்துக்குச் செல்லும் தொழிலாளர், ஓட்டுநர், தீயணைப்பு வீரர் ஆகியோர் முன்கூட்டியே பெற வேண்டிய பயிற்சியாகும். சாலை விபத்தில் அடிபட்டவரை நோக்கி ஓடுவது உயிரைக் காக்கும்; இவ்வகை விபத்தில் ஓடுபவரே அடுத்த பலியாகக் கூடும். ஆகவே தள்ளி நிற்பதே இதில் முதல் பாடம்.

பந்தல்குடி வட்டாரம்

விருதுநகர் மாவட்டம் அருப்புக்கோட்டை வட்டத்தில் உள்ள பந்தல்குடி, மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அமைந்துள்ளது. துறைமுகமும் உர, இரசாயன ஆலைகளும் உள்ள தூத்துக்குடிக்கு டேங்கர் லாரிகள் சென்று வரும் வழி இது. ஊருக்கு அருகில் சிமெண்டு ஆலைக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் உள்ளன; மேற்கே சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகள். மழை பொய்க்கும் ஆண்டுகளில் இந்த மானாவாரிச் சீமையின் மக்களுக்கு இத்தகைய வேலைகளே கைகொடுக்கின்றன.

முதலிப்பட்டி விபத்து

இம்மாவட்டம் மறக்க முடியாத நாள் 2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை நண்பகல் வேளையில் தீப்பற்றி வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவி செய்யவும், என்ன நடக்கிறது என்று பார்க்கவும் வந்த அக்கம்பக்கத்து மக்கள் அவர்கள். அடுத்தடுத்த வெடிப்புகளில் அவர்கள் சிக்கிக்கொண்டனர்.

ஒரு வெடிப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பட்டாசு ஆலையில் ஓர் அறையின் தீ அடுத்த அறைக்கோ கிடங்குக்கோ எப்போது தாவும் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. அங்குள்ள அலுமினியத் தூள் ஈரம் பட்டாலே சூடேறி, எரியும் தன்மையுள்ள ஹைட்ரஜனை வெளியிடும். ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடுபவரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. அவரிடம் இல்லாதது இந்த அறிவுதான்.

சட்டம் சொல்வது

1984 போபால் விஷவாயுப் பேரழிவுக்குப் பின், 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 1987-ல் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் உள்ள அபாயங்களைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிப்பது நிர்வாகத்தின் கடமையாயிற்று. 111-ஏ பிரிவு, பாதுகாப்புப் பயிற்சி பெறுவதைத் தொழிலாளரின் உரிமையாகவே சொன்னது. (இச்சட்டத்தையும் வேறு பல சட்டங்களையும் ஒன்றாக்கி 2020-ல் புதிய தொகுப்புச் சட்டம் இயற்றப்பட்டது.) அபாயகர இரசாயனங்கள் பற்றிய 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, அவற்றை அதிக அளவில் கையாளும் ஆலைகள் 6 மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும். ஆலைக்கு வெளியே மக்களைக் காப்பதற்கான திட்டத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை தேவை. பேருக்கு நடத்தி, புகைப்படம் எடுத்துக் கோப்பில் வைத்துவிடும் ஒத்திகையால் பயனில்லை.

பயிற்சியின் படிநிலைகள்

யாருக்கு எவ்வளவு பயிற்சி என்பதை அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி தெளிவாக வகுத்துள்ளது. முதல் நிலையில் இருப்பவர் ஆபத்தை அடையாளம் கண்டு தகவல் சொல்வதோடு நின்றுவிட வேண்டும். இரண்டாம் நிலையினர் குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள்; பாதுகாப்பான தொலைவில் இருந்தபடியே கசிவு பரவாமல் தடுப்பார்கள். கசியும் இடத்தை நெருங்கி அடைக்கச் செல்பவருக்கு மட்டும் குறைந்தது 24 மணி நேரப் பயிற்சி. ஆண்டுதோறும் புத்தாக்கப் பயிற்சியும் உண்டு.

டேங்கர் லாரியும் அதன் பலகையும்

இந்தியாவில் அபாயகரப் பொருள் ஏற்றும் லாரி ஓட்டுநர், மோட்டார் வாகன விதிகளின்படி 3 நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். லாரியில் உள்ள அவசரத் தகவல் பலகையைப் படிக்கத் தெரிவது எவருக்கும் பயன்படும். அதிலுள்ள நான்கு இலக்க ஐ.நா. எண் பொருளைக் காட்டும்: 1005 அம்மோனியா, 1017 குளோரின், 1075 சமையல் எரிவாயு, 1203 பெட்ரோல். அதனுடன் உள்ள செயல் குறியீடு 4 என்று தொடங்கினால், தண்ணீர் படக் கூடாது, உலர்பொடியே பயன்படுத்த வேண்டும் என்று பொருள்.

பொருளுக்கு ஏற்ப நடைமுறை மாறும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. ஓடை, பள்ளம், கண்மாய் உட்புறம் என்று தாழ்வான இடங்களில் தேங்கும். கரிசல் சமவெளியில் ஏறி நிற்க மேடு கிடைப்பது அரிது. எனவே காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிச் சென்று, காற்று வரும் பக்கத்தை அடைய வேண்டும். ஒரு பிடி புழுதியைத் தூவினால் திசை தெரிந்துவிடும். அம்மோனியா ஆவி மீது தூரத்திலிருந்து தண்ணீரைச் சாரலாகத் தெளிக்கலாம். தரையில் தேங்கிய திரவத்தின் மீது ஊற்றினால் ஆவி இன்னும் அதிகமாகும்.

2025 ஜனவரி 3 அதிகாலையில் கோயம்புத்தூர் அவினாசி சாலை மேம்பாலத்தில் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து கசிந்தது. உள்ளே இருந்தது சுமார் 18 டன். போக்குவரத்து நிறுத்தப்பட்டது, அருகிலுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது, தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சினர். கசிவு அடைக்கப்பட்டது, உயிரிழப்பு இல்லை.

சாலையோர மக்கள்

இரசாயன மீட்பில் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது அணி, மாநிலத்தின் வடக்கே அரக்கோணத்தில் உள்ளது. பந்தல்குடியில் ஒரு டேங்கர் கவிழ்ந்தால் முதலில் பார்ப்பவர் டீக்கடைக்காரரோ ஆடு மேய்ப்பவரோதான். ஆலையைச் சுற்றி வாழ்பவர்களுக்கு அபாயத்தை விளக்க விதி இருக்கிறது. ஆனால் டேங்கர் கடந்து செல்லும் ஊராருக்கு அதுபோல யாரும் வந்து சொல்வதில்லை. அவர்கள் செய்ய வேண்டியவை சிலவே: அடுப்பை அணைத்து, வண்டிகளை இயக்காமல் விலகுவது, கூட்டம் சேரவிடாமல் தடுப்பது, 101 அல்லது 112-க்கும், எரிவாயு என்றால் 1906-க்கும் அழைத்து, தூரத்திலிருந்தே படிக்க முடிந்தால் பலகையிலுள்ள எண்ணைச் சொல்வது. படிக்க முடியாவிட்டால் அதற்காக நெருங்கக் கூடாது.