மலைமேல் இருக்கும் சபையோர்

மதுரை, தேனி ஜில்லாக்களில் பங்குனி, சித்திரை மாதங்களில் கோயில் திடலில் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரையில் நடைபெறும் ஸ்பெஷல் நாடகத்தை நேயர்கள் அறிவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இன்றும் ஆடப்படுகின்றன. ராஜபார்ட் ஓர் ஊர். ஸ்திரீபார்ட் ஓர் ஊர். பபூன் வேறோர் ஊர். கூடி ஒத்திகை பார்ப்பதென்பது கிடையாது, மேடையில்தான் சந்திப்பு. எந்தத் தர்க்கத்தை நீட்டுவது, எதைச் சுருக்குவது என்பதைச் சபையோரின் சிரிப்பும் கரகோஷமுமே பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன.

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை போன்ற அடிவாரக் கிராமங்களிலிருந்து ஜீவனார்த்தமாகப் போடிமெட்டைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கங்களில் உள்ள ஏலத் தோட்டங்களுக்குப் போனவர்கள் அநேகர். கோடையில் செடிக்குத் தண்ணீர் விட வேண்டியவர் எல்லா வருஷமும் திருவிழாவுக்கு இறங்கி வர முடிவதில்லை. கைபேசியில் நாடகத்தைப் பார்க்கிறார். பார்க்கிறாரே யொழிய, அவர் சிரித்தது பபூனுக்குத் தெரியாது.

தூரத்திலிருந்து நாடகம் அனுபவிக்கும் ஆசை புதிதன்று. 1881-ல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில், கிளமான் ஆதர் என்பவர் அமைத்த தொலைபேசிக் கம்பிகளின் வழியே ஜனங்கள் நாடகசாலைச் சங்கீதத்தைக் கேட்டனர். லண்டன் தேசிய நாடகசாலை 2009 முதல் தன் நாடகங்களைச் சினிமாக் கொட்டகைகளுக்கு நேரடியாக அனுப்பியது. நோய்த் தொற்றால் அரங்குகள் மூடப்பட்ட 2020-ல் நம் சென்னைச் சபாக்களும் மார்கழிக் கச்சேரிகளை இணையத்தில் நடத்தின. எல்லாவற்றிலும் தூரத்து ரஸிகர் வாயில்லாப் பூச்சியே!

ஆயின், ஏலக்காய் வியாபாரிக்கு மட்டும் வாய் உண்டு. புத்தடியில் அமர்ந்தவரும் போடியில் அமர்ந்தவரும் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் விலை கேட்கும் ஏற்பாட்டை நறுமணப் பொருள் வாரியம் 2021-ல் செய்தது. நியாய ஸ்தலங்களிலோ வக்கீல் தம் வீட்டிலிருந்தே வாதிக்கிறார். (இதனால் வாதங்கள் சுருங்கின என்று நாம் சொல்ல மாட்டோம்.) சரக்குக்கும் வழக்குக்கும் கூடியது நாடகத்துக்கு ஏன் கூடாது?

ஒரு தடையை நாம் மறைக்க விரும்பவில்லை. சாதாரண நேரலையில் படம் பல விநாடி தாமதித்தே போய்ச் சேருகிறது. பபூன் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு மலையிலிருந்து சிரிப்பு வந்தால் அது உபத்திரவம். இருபுறமும் பேசும் காணொலி இணைப்பில் தாமதம் மிகக் குறைவு; ஆனால் ஆயிரம் கைபேசிகளை அவ்விதம் திறந்துவிட்டால் இரைச்சலே மிஞ்சும். ஆகவே, தனித்தனிக் கைபேசிகளை நம்பாமல், தோட்டத்து லயத்தில் ஜனங்கள் ஒன்றுகூடும் இடத்தில் ஒரு திரையும் மைக்கும் வைத்து, அவ்விடத்து ஓசையை மேடையருகே ஓர் ஒலிபெருக்கியில் நடிகர் கேட்கச் செய்வதே உசிதமென்பது நம் அபிப்பிராயம். கூட்டமாகச் சிரித்தால்தான் சிரிப்பு நடிகருக்கு எட்டும்.

நடிகரின் ஊதியத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2020-ல் திருவிழாக்கள் நின்றபோது வருஷத்துப் பிழைப்பையே இழந்தவர்கள் இவர்கள். ஓர் இரவுக்குப் பேசிய கூலிக்கு ஆடியவரின் ஆட்டம் இணையத்தில் வருஷக் கணக்கில் ஓடுமானால், அதன் வரும்படியில் அவருக்குப் பாத்தியதை இல்லையா? சட்டம் நடிகர் உரிமையை 1994 முதல் அங்கீகரித்திருக்கிறது. கிராமத்து ஒப்பந்தங்களில்தான் அது ஏறவில்லை. நாடக நடிகர் சங்கங்கள் இதனை எழுத்தில் கேட்க வேண்டும். மேடையில் ரூபாய் கொடுத்துப் பெயர் வாசிக்கச் சொல்லும் வழக்கம் இருக்கவே இருக்கிறது. மலையிலுள்ளவர் கைபேசியில் அனுப்பும் பணத்தையும் அதே மைக்கில் வாசித்து, நடிகர் கையிலேயே சேர்க்கலாம்.

சிலமலைப் பக்கத்துத் திருவிழாக் கமிட்டியார் வருகிற சித்திரையில் ஒரே ஓர் இரவு, ஒரே ஒரு தோட்டத்தோடு இதைப் பரீட்சித்துப் பார்க்கட்டும். மழை பெய்து இணைப்பு அறுந்தாலும், கீழே நாடகம் நிற்கப் போவதில்லை.