ஒரே சாலை, எதிரெதிர் காற்று

2011 ஏப்ரல் 18 அன்று பாஸ்டன் மாரத்தானில் கென்ய வீரர் ஜெஃப்ரி முத்தாய் 42.195 கிலோமீட்டரை 2 மணி 3 நிமிடம் 2 விநாடிகளில் ஓடி முடித்தார். அதற்குமுன் அந்தத் தூரத்தை அவ்வளவு வேகமாக ஓடியவர் எவரும் இல்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, 2018 ஏப்ரல் 16 அன்று, அதே சாலையில் ஜப்பானின் யூகி கவாவுச்சி வென்றபோது கடிகாரம் காட்டியது 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. 1976க்குப் பிறகு அங்கே ஆண்கள் பிரிவில் வென்றவர் எடுத்துக்கொண்ட மிக அதிக நேரம் அது. ஏறத்தாழ 13 நிமிட வித்தியாசம்!

ஓடியவர்கள் வேறு வேறு ஆட்கள்தானே என்று கேட்கலாம். கென்யாவின் ஜெஃப்ரி கிருயியை எடுத்துக்கொள்வோம். 2017இல் இதே பந்தயத்தை 2 மணி 9 நிமிடம் 37 விநாடிகளில் வென்றவர், 2018இல் இரண்டாவதாக வந்தார். எடுத்துக்கொண்டது 2 மணி 18 நிமிடம் 23 விநாடி. மாறியது வானிலை.

காற்றின் கணக்கு

1897இல் தொடங்கிய இந்தப் பந்தயம் ஹாப்கின்டன் என்ற சிற்றூரிலிருந்து கிழக்கு நோக்கி பாஸ்டன் நகருக்குள் போகிறது. சுற்றித் திரும்பும் பாதையாக இருந்தால் ஒரு பக்கம் உதவிய காற்று மறுபக்கம் தடுக்கும். இங்கே அப்படியில்லை. மேற்குக் காற்று வீசினால் கடைசிவரை அது முதுகைத் தள்ளும். கீழைக்காற்று என்றால் கடைசிவரை முகத்தில் அறையும்.

மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்குக் காற்றே வீசாவிட்டாலும் அதே வேகத்தில் எதிர்க்காற்று படும். பின்னாலிருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அந்தத் தடை முற்றிலும் நீங்கிவிடும். முன்னாலிருந்து வந்தால் உடலில் மோதும் வேகம் 40 ஆகும். தடைவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், அது நான்கு மடங்காகும்.

முத்தாய்க்கு முதுகுக் காற்று வாய்த்தது. அவருடைய நேரம் அப்போதைய உலக சாதனையைவிட 57 விநாடி குறைவு. ஆனாலும் சாதனையாக ஏற்கப்படவில்லை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரம் பந்தயத் தூரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் பாதை இறங்கக்கூடாது என்பவை விதிகள். சுமார் 140 மீட்டர் இறங்கும் பாஸ்டன் பாதை இரண்டிலுமே தவறுகிறது.

மழையில் நடந்த பந்தயம்

2018இல் ஐந்து டிகிரிக்கும் கீழே குளிர், கொட்டும் மழை, பலத்த எதிர்க்காற்று. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நனைந்த உடை உடல் சூட்டை உறிஞ்ச, குளிர்ந்த தசைகள் சுருங்கி விரியத் தாமதிக்கும், வேகம் குறையும், வேகம் குறைந்தால் உடலில் உண்டாகும் வெப்பமும் குறையும். கொழுப்பு மிகக் குறைந்த மெலிந்த முன்னணி வீரர்கள்தான் இதில் முதலில் சிக்கினார்கள். பலர் பாதியிலேயே விலகினார்கள். அரசுப் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்த கவாவுச்சி, வெகுதூரம் முன்னே போயிருந்த கிருயியைக் கடைசி சில கிலோமீட்டரில் பிடித்து முந்தினார்.

பெண்கள் பிரிவில் அமெரிக்காவின் டெஸ் லிண்டன் தொடக்கத்திலேயே சோர்ந்துபோனார். விலகிவிடலாம் என்று நினைத்தவர், சக வீராங்கனை ஷலேன் ஃபிளானகனிடம், உதவி வேண்டுமானால் சொல், காற்றை நான் மறைக்கிறேன் என்றார். ஃபிளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, அவரை முன்னணிக் கூட்டத்தோடு சேர்த்தும் விட்டார். அந்த லிண்டனே 2 மணி 39 நிமிடம் 54 விநாடிகளில் வென்றார். 1985க்குப் பின் அங்கே வென்ற முதல் அமெரிக்கப் பெண் அவர்.

அவர் தர நினைத்த உதவிக்கு அறிவியல் அளவு உண்டு. 1953 எவரெஸ்ட் பயணத்தில் உடலியல் ஆய்வாளராகச் சென்ற கிரிஃபித் பியூ, முன்னே ஓடுபவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றுத்தடையில் சுமார் 80 சதவீதம் தவிர்க்கப்படுவதாக 1971இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்.

நீங்களும் ஓடுபவரானால், எதிர்க்காற்று நாளில் தனியே முட்டி மோதாதீர்கள். கூட்டத்தோடு சேர்ந்து, முறைவைத்து முன்னே போங்கள். அன்றைய நேரத்தைப் போன ஆண்டு நேரத்தோடு ஒப்பிட்டு மனம் தளரவும் வேண்டாம். காற்று எந்தப் பக்கம் வீசியது என்று தெரியாமல் மாரத்தான் நேரத்தை எடைபோடக் கூடாது.