காப்பு நகலை ஏற்றிய பின்னும் எழும்பாத கணிப்பொறி

சங்கக் கணக்குகள் பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்குச் சென்றுவிட்ட இக்காலத்தில், அங்கத்தினரின் பங்குத் தொகை, சிக்கன நிதி, நூல் இருப்பு, விளைபொருட் கிரயம் ஆகிய யாவும் கையகல வட்டு ஒன்றில் அடங்கியுள்ளன. அவ்வட்டு பழுதுற்றாலும் காப்பு நகல் உண்டு என்று காரியதரிசிகள் தைரியமாக இருப்பது நியாயமே. ஆயினும், புதிய வட்டு வாங்கிப் பொருத்தி, நகலில் உள்ளவற்றை ஒன்று விடாமல் அதில் ஏற்றிய பின்னும், யந்திரம் கருந்திரையுடன் நின்றுவிடுவதுண்டு. நகலே கெட்டுவிட்டது என்று அஞ்சி, வட்டை அடியோடு அழித்து எல்லாவற்றையும் புதிதாக நிறுவச் சொல்பவர் பலர். பெரும்பாலும் அது வேண்டாத காரியம். சில வேளைகளில் விபரீதமும் ஆகும். கணக்குகள் வட்டிலேயே பத்திரமாக இருக்கின்றன. அவற்றிடம் சென்று சேரும் வழிதான் யந்திரத்துக்குத் தெரியவில்லை.

பாவு முழுவதையும் தறியில் ஏற்றிவிட்டாலும், விழுதிலும் அச்சிலும் இழை கோக்காவிடில் நெய்ய இயலாதென்பதை நெசவாளருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கும் நிலைமை அத்தகையதே.

மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது வட்டன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல். பழைய யந்திரங்களில் பயாஸ் என்னும் இந்நிரல், வட்டின் முதற்பகுதியான 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள சிறு கட்டளைத் தொகுதியிடம் பொறுப்பை ஒப்படைக்கும். புதிய யந்திரங்களில் அதன் இடத்தில் யு.ஈ.எஃப்.ஐ. என்பது உள்ளது. இது வட்டில் தனியே ஒதுக்கப்பட்ட சிறு துவக்கப் பகுதியைத் தேடி, அங்குள்ள துவக்க நிரலை எழுப்பும். துவக்க நிரல் இயங்குதளத்தின் கருவை எழுப்ப, கரு தன் கோப்புகள் உள்ள பகுதியைத் தேடிப் பிடிக்கும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயணம் அங்கேயே நிற்கும்.

கோப்புகளை மட்டும் நகலெடுத்தவர்களுக்கு இக்கண்ணிகள் அறுபடுவது இயல்பு. துவக்கப் பகுதி அநேகமாக நகலில் சேர்வதில்லை. மேலும், வட்டுப் பகுதி ஒவ்வொன்றுக்கும் யு.யு.ஐ.டி. எனப்படும் நீண்ட அடையாள எண் உண்டு. புதிய பகுதியை அமைக்கும்போது புதிய எண் பிறக்கிறது. ஏற்றிய கோப்புகளோ பழைய எண்ணையே சொல்லிக் கொண்டிருக்கின்றன. வீடு மாறிய பின் பழைய கதவிலக்கத்துக்கே தபால் போவது போன்றது இது.

யந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுமையாகக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. லினக்ஸை எடுத்துக்கொள்வோம். துவக்கத்துக்குரிய வட்டே இல்லை என்று திரை கூறினால், துவக்கப் பகுதியிலோ தாய்ப்பலகையின் பட்டியலிலோ குறை. 'கிரப்' என்ற சொல் மட்டும் தோன்றிக் கட்டளைக்குக் காத்திருந்தால், துவக்க நிரல் விழித்துவிட்டது. அதன் அமைப்புக் கோப்பு அகப்படவில்லை. மூலப் பகுதிக்காகக் காத்துச் சலித்ததாகச் செய்தி வந்தால், அடையாள எண் தவறு. அன்றேல் புதிய வகை வட்டுக்குரிய இயக்கி நிரல் துவக்கக் கோப்பில் இல்லை. 1 நிமிடம் 30 வினாடி காத்திருந்து அவசர நிலைக்குச் சென்றால், 'எஃப்ஸ்டாப்' என்னும் பட்டியலில் இல்லாத பகுதி ஒன்றின் எண் எஞ்சியிருக்கக் கூடும்.

பரிகாரம் கடினமன்று. லினக்ஸ் உள்ள பென் டிரைவிலிருந்து யந்திரத்தை எழுப்ப வேண்டும், அதையும் யு.ஈ.எஃப்.ஐ. முறையிலேயே எழுப்ப வேண்டும். பழைய முறையில் எழுப்பினால் தாய்ப்பலகையின் பட்டியலில் எழுத இயலாது. இதை அறியாமல் நாள் முழுதும் வீணாக்குவோர் உண்டு. புதிய வட்டில் ஃபேட் 32 முறையில் துவக்கப் பகுதி இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிடில் அமைக்க வேண்டும். 512 மெகாபைட் போதும். பின்னர் மூலப் பகுதியையும் துவக்கப் பகுதியையும் அவற்றுக்குரிய இடங்களில் இணைத்து, 'குரூட்' கட்டளையால் ஏற்றிய தளத்துக்குள்ளேயே நுழையலாம். அதற்கு முன் 'டெவ்', 'ப்ராக்', 'சிஸ்' என்ற மூன்று அடைவுகளையும் உள்ளே பிணைக்க மறக்கலாகாது. 'பிஎல்கேஐடி' கட்டளை புதிய எண்களைக் காட்டும். எஃப்ஸ்டாப் பட்டியலில் பழைய எண்களை நீக்கி அவற்றை எழுதுக. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் அடுத்துச் செய்ய வேண்டுவன: கிரப்பை மீண்டும் நிறுவுதல், துவக்கக் கோப்பைப் புதுப்பித்தல், கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தல். இவை முடிந்ததும் பென் டிரைவை அகற்றிவிட்டு யந்திரத்தை எழுப்பலாம்.

விண்டோஸிலும் தத்துவம் ஒன்றே. மீட்பு வட்டால் எழுப்பி, துவக்கப் பகுதிக்கு ஓர் எழுத்து வழங்கி, 'பிசிடிபூட்' கட்டளையை இட்டால் துவக்கக் கோப்புகள் புதிதாக எழுதப்படும். மீட்பு நிலையில் வட்டுகளின் எழுத்துகள் மாறித் தோன்றக்கூடும். விண்டோஸ் அடைவு எந்த எழுத்தில் உள்ளதென்று பார்த்த பின்பே கட்டளை இடுக. பிட்லாக்கர் பூட்டு இடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்படலாம். அவ்வெண்ணைக் கணிப்பொறிக்குள்ளேயே வைத்திருப்பது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். காகிதத்தில் எழுதிச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கோப்புகளாக அன்றி வட்டை முழுமையாகப் படியெடுத்தவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. பழைய வட்டும் புதிய வட்டும் ஒரே அடையாள எண்ணுடன் நிற்பதால், இரண்டும் சேர்ந்து பொருத்தப்பட்டிருந்தால் யந்திரம் எதை எடுக்குமென்று சொல்ல முடியாது. பழையதிலிருந்தே எழும்பி, புதியதிலிருந்து எழும்பியது போலத் தோற்றம் காட்டவும் கூடும். அதில் இரண்டு நாள் வரவு செலவை எழுதிவிட்டால் பிறகு சிக்கல்தான். ஆதலின் முதல் முறை எழுப்பும்போது பழைய வட்டைக் கழற்றி வைக்க வேண்டும். கழற்றியதை அழித்துவிடவும் கூடாது. புதிய யந்திரத்தில் இருப்புத் தொகைகள் கடைசியாக அச்சிட்ட ஐந்தொகையுடன் ஒத்திருப்பதைக் கணக்கரும் காரியதரிசியும் சரிபார்த்துக் கையெழுத்திடும் வரை, அப்பழைய வட்டு சங்கத்தின் பொறுப்பிலேயே இருக்கட்டும்.